ஆயுத பூஜைக்கு லீவு எடுக்காத டப்பா

மணிமங்கலம் ரோட்டில் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு ஒரு உருவம் நிற்கிறது, செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டுகிறது என்று கொஞ்ச காலம் ஒரு பேச்சு ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? அது நான்தான். பெட்ஷீட் எங்கள் அக்காவுடையது. இரண்டு பேர் பைக்கைப் போட்டுவிட்டு ஓடியதைக் கண்ணால் பார்த்தவனுக்கு எங்கிருந்து பேய் நம்பிக்கை வரும்? அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பேன்.

எங்கள் வீடு பிள்ளைப்பாக்கம். ஒரகடத்தில் ஒரு குடோனில் காண்ட்ராக்டில் அட்டைப்பெட்டி ஏற்றி இறக்குகிறேன். பிளஸ் டூ பாதி, ஐடிஐ பாதி, டிரைவிங் கிளாஸும் பாதி. அக்கா கௌரி செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்தாலே, "பாதி வந்துட்டான், சோறு போடும்மா" என்பாள்.

குடோனில் மெயின்டனன்ஸ் பார்க்கும் ஜோசப் அண்ணன்தான் அந்த டப்பாவைக் கொடுத்தார். உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர், செல்போன் சார்ஜர் கரண்டே அதற்குப் போதும். பேர் ஊர் தெரியாமல் இன்டர்நெட்டில் போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் இல்லையா, அவர்கள் அனுப்புவது நேராகப் போகாது, மூன்று கை மாறித்தான் போகும். அதில் நடுக் கை நம் டப்பா. முதலில் அனுப்பியது யார், கடைசியில் எங்கே போகிறது, உள்ளே என்ன, எதுவும் தெரியாது. குடோனில் நான் செய்வதும் இதேதான் என்பதால் சட்டென்று புரிந்துவிட்டது.

"நிறுத்தாம ஓட்டுனா, இது நிலையான ஆளுன்னு இத நடத்துறவங்களே உன் டப்பாவுக்கு முத்திரை போடுவாங்கடா. நடுவுல நின்னுச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து" என்றார்.

நிலையான ஆள். என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. முதல் தடவை கரண்ட் போனது, இரண்டாம் தடவை அம்மா மிக்ஸி போட பிளக்கைப் பிடுங்கினாள். மூன்றாம் தடவை ஒரு பழைய இன்வர்ட்டரைத் தேடிப் பிடித்து மாட்டி, இருபத்தாறு நாள் ஓட்டிவிட்டேன். இன்னும் நாலைந்து நாள் போதும் என்றார் ஜோசப் அண்ணன். அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

காலையிலேயே குடோன் பூஜைக்கு, அதாவது பொரிக்கு, போய்விட்டேன். வீட்டுக்கு வர நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. பூஜைப் பலகையில் அப்பாவின் கடப்பாரை, அம்மாவின் அரிவாள்மனை, அக்காவின் ஐடி கார்டு, கூடவே என் டப்பா. சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்தி. கரண்ட் ஒயர், நெட் ஒயர் இரண்டையும் சுற்றி ஓரமாக வைத்திருந்தார்கள்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிக்கீற?"

"எங்க லைன்லயே அம்மாம் பெரிய மிஷினெல்லாம் நிறுத்திப் பொட்டு வெச்சாங்க. உன் டப்பா இன்னா, அதுக்கும் மேலயா? காலைல ஒம்போது மணிக்கே கழட்டிட்டேன். ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

"இருபத்தாறு நாளு ஓடுச்சு, அக்கா."

"பாதில வுடறது உனுக்குப் புதுசா இன்னா?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

டப்பாவைக் கையில் எடுத்து ஒரு போட்டோ பிடித்து, 'அண்ணே, சாமியாயிட்டாரு' என்று ஜோசப் அண்ணனுக்கு அனுப்பினேன். அழுகை வந்தால் நான் இப்படித்தான். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்று அம்மா கத்தியதால் திரும்பப் பலகையிலேயே வைத்தேன். போனது போனதுதானே.

மறுநாள் காலை பூவை எடுத்துப் போட்டுவிட்டு ஒயரைச் செருகினேன். பத்து நிமிஷத்தில் ஜோசப் அண்ணன் போன் செய்தார்.

"இன்னாடா, போட்டோ எடுத்துட்டு ஓடனே மாட்டிட்டியா?"

"எங்கண்ணே, ராத்திரி முழுக்கப் பலகைலதான் இருந்துச்சு."

"டேய், வெளாடாத. பேஜைப் பாத்துகினுதான் பேசறேன். ஒரு நிமிஷம்கூட நிக்கல. இருபத்தேழு நாள்னு கீது."

அந்தப் பேஜ் நம்முடையதில்லை. எங்கெங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, எந்த டப்பா ஓடுகிறது என்று தட்டித் தட்டிப் பார்த்து எழுதுகிறவர்களுடையது. அதில் போய்க் குறும்பு செய்ய எனக்குத் தெரிந்தால் ஏன் பெட்டி தூக்குகிறேன்?

நாலாம் நாள் முத்திரை வந்தது. அக்கா ஸ்வீட் வாங்கி வந்தாள். எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜோசப் அண்ணன் வீட்டுக்கே வந்தார். அந்த டப்பா ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறேன் என்று தனக்குள்ளே ஒரு வரி எழுதி வைக்கும். உள்ளே பேட்டரி கிடையாது, கரண்ட் போனால் மணி என்னவென்றுகூட அதற்குத் தெரியாது. ஆனால் பூஜை நாளின் வரிகள் ஒன்று விடாமல் இருந்தன. மறுநாள் நான் ஒயர் செருகியபோது, புதிதாக ஆரம்பிக்கிறேன் என்று அது எழுதியிருக்க வேண்டும், அந்த வரிதான் இல்லை.

அவர் நான் அனுப்பிய போட்டோவைத் திறந்து நேரத்தைக் காட்டினார். மாலை நாலு இருபத்திரண்டு. படத்தில் என் உள்ளங்கை, சந்தனம் பூசிய டப்பா, ஒயர் செருகும் ஓட்டைகள் காலி. டப்பா எழுதிய வரியும் அதே நாலு இருபத்திரண்டு. இந்த நிமிஷம் முந்நூற்றுச் சொச்சம் வழிகள் திறந்திருக்கின்றன என்று அதில் இருந்தது. யார் யாரோ அப்போது அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஜோசப் அண்ணனிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அன்று கையில் எடுத்தபோது டப்பா வெதுவெதுப்பாக இருந்தது. விளக்குப் பக்கத்தில் இருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கைக்குப் பின்னால் தெரியும் பூஜைப் பலகையில், விளக்கு அந்தக் கோடியில் இருக்கிறது, அணைந்துபோய்.