என் தங்கை பாடிய படப் பாட்டு

என் கணவர் முதன்முதலாக இசையமைத்த படப் பாட்டைப் பாடியது என் தங்கை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் எல்லோரும், "ஓ, ஃபேமிலியே மியூசிக்கா!" என்று சந்தோஷப்படுகிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். எங்கள் வீட்டில் பாட்டுக் கற்றுக்கொண்டவள் நான் மட்டும்தான். பள்ளிக்கூடம் விட்டதும் கிள்ளானில் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் தங்கை வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பாள்.

கல்யாண டின்னர்களில் பாடுகிற குழு ஒன்றில்தான் கணவரைச் சந்தித்தேன். அவர் கீபோர்டு, நான் பாட்டு. வார நாட்களில் அவர் ஏர்கான் சர்வீஸ் செய்வார். நான் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கணக்கு பார்ப்பேன். கிள்ளானில் எங்கள் டெரஸ் வீட்டின் பின்னறையில், யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய சிந்தசைசர்களை வாங்கி வந்து பிரித்து, சுத்தம் செய்து, உயிர் கொடுத்து வைத்திருப்பார். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகள் பக்கத்துச் சாலையில் ஓடுவதால், ரெக்கார்டிங் என்றால் சன்னலை மூடி, தடித்த போர்வையைத் தொங்கவிட்டு, லோரி போகும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் உள்ளூர்த் தமிழ்ப்பட இயக்குநர் ஒருவர் அந்த அறைக்கு வந்தார். வீடியோ டேப் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றிய படம். எண்பதுகளில் நடக்கும் கதை. அந்தக் காலத்து எலக்ட்ரானிக் சத்தத்தில் ஒரு காதல் பாட்டு வேண்டும், படத்துக்கு முன்னாலேயே அதைத் தனியாக வெளியிடப் போகிறோம் என்றார். என் கணவருக்கு அன்று முகமே மாறிவிட்டது. அப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் அந்த அறையே இருந்தது.

மெட்டு அமைந்ததும் மாதிரிக்கு நான் பாடினேன். எத்தனை முறை பாடினேன் என்று நினைவில்லை. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, குழைக்க வேண்டிய இடத்தில் குழைத்து, இத்தனை வருடம் கற்றதையெல்லாம் அதில் கொட்டினேன். யாரும் சொல்லவில்லை என்றாலும், அது என் பாட்டு என்றே நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இயக்குநர் அதைக் கேட்க வந்தார். கண்ணை மூடிக் கேட்டார். 

"சிஸ்டர், ரொம்ப நல்லா பாடுறீங்க" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஆனா, கொஞ்சம் ரொம்பவே நல்லா இருக்கு."

"அப்படின்னா?"

"படத்துல வர்ற அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர். இந்தக் குரலுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

அப்போது சமையலறையிலிருந்து அதே பாட்டு கேட்டது. என் தங்கை. செமினியில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். ஞாயிறுகளில் கடையில் சாப்பாடு தாப்பாவ் பண்ணி, பொட்டலமாக எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். என் பாட்டைக் கேட்டுக் கேட்டு மெட்டு அவளுக்குப் படிந்துவிட்டிருந்தது. வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே, பாதி பேச்சும் பாதி பாட்டுமாக, எந்த அக்கறையும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் திரும்பிப் பார்த்தார். "யாரு அது?"

அன்று மாலையே அவளை மைக் முன்னால் நிற்க வைத்துவிட்டார்கள். அவள் ஒரு காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "மாமா, தப்பா பாடுனா திட்டக் கூடாது, ஆமா" என்றாள். என் கணவர் சிரித்தார். நான் பாலில்லாத தே ஓ கலக்கித் தட்டில் எடுத்துக்கொண்டு வந்து கதவருகில் நின்றேன். ஒவ்வொரு வரி முடிவிலும் அவள் மூச்சு வாங்குவது மைக்கில் பெரிதாகக் கேட்டது.

"மூச்சுச் சத்தம் வருது" என்றேன்.

"இருக்கட்டும், அதான் அழகா இருக்கு" என்றார் கணவர், திரும்பிப் பார்க்காமலே.

நான் பாடினால் ஒரு மூச்சுச் சத்தம் விடாமல் தேடித் தேடி வெட்டி எடுப்பவர் அவர். என் கையில் இருந்த தட்டை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, காரணமில்லாமல் வாசலைக் கழுவினேன்.

எல்லோரும் போன பிறகு அவரிடம் கேட்டேன். "எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

"பேசினேன்."

"என்ன பேசினீங்க?"

அவர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "நீயே கேட்டுப் பாரு. கேட்டுட்டு சொல்லு, உன் குரல்தான் சரின்னு. நான் இப்பவே அவர்கிட்ட பேசறேன்."

கேட்டேன். கீழே அந்த இயந்திரத் தாளம் தட்டிக்கொண்டே போக, மேலே அவள் குரல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. கேட்கிற எனக்கே யாரையோ காதலிக்க வேண்டும் போல் ஆகிவிட்டது. அது மோசமாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

பாட்டு வெளியானது. படம் சீக்கிரமே தியேட்டரிலிருந்து போய்விட்டது, பாட்டு போகவில்லை. முடி வெட்டிக்கொள்ளப் போன சலூனில், பெட்ரோல் நிலையத்தில், ஆபீஸில் பக்கத்து மேசைப் பெண்ணின் போன் ரிங்டோனில் என்று எங்கும் அது. அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "சின்னவ பாடுனது" என்றாள். ஒருமுறை எனக்கே போன் போட்டு அதைச் சொன்னாள். பழக்கத்தில் எண்ணை அழுத்திவிட்டிருக்கிறாள்.

கல்யாண டின்னர்களிலும் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். கிள்ளானில் ஒரு மண்டபத்தில் முதல் முறை பாடினேன். வேண்டுமென்றே என் முறையில், என் சங்கதிகளோடு பாடினேன். கைதட்டல் வந்தது. மேடையை விட்டு இறங்கும்போது முன் மேசை ஆன்டி ஒருவர் என் கையைப் பிடித்து, "நல்லாத்தான் பாடுற மா. ஆனா ஒரிஜினல் மாதிரி வரல லா" என்றார். கீபோர்டுக்குப் பின்னால் என் கணவர் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அங்கே தேடுவதற்கு எதுவும் கிடையாது.

பிறகு சுபாங் ஜெயாவில் ஒரு பேரங்காடியில் நிகழ்ச்சி. தங்கை நேரில் பாட வேண்டும். எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நீயும் வந்து பின்னால நின்னு பாடு. எனக்கு பயமா இருக்கு."

போனேன். உதவிக்குத்தான் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். உண்மையில், கம்ப்யூட்டரில் திருத்தாமல் அவள் குரல் எப்படித் தடுமாறுகிறது என்று எல்லோரும் பார்ப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

இரண்டாவது சரணத்தில் அவளுக்கு வரி மறந்துவிட்டது. தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மேடைப் பழக்கம், என் வாய் தானாகத் திறந்து அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. சுத்தமான சுருதியில், முழுக் குரலில் பாடினேன். கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. ஒரு வரி தூரத்துக்கு அந்தப் பாட்டு என்னுடையதாக இருந்தது.

அப்போது அவள் மைக்கில் சிரித்தாள். "சாரி, மறந்துட்டேன்! இது எங்க அக்கா!"

கூட்டம் ஆரவாரித்தது. ஒரு பையன் விசில் அடித்தான். மீதிப் பாட்டை அவளோடு சேர்ந்து கூட்டமே பாடியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. தவறினாலும் அவளைக் கொண்டாடினார்கள். நான் ஒரு நாளும் மேடையில் தவறியதில்லை.

முடிந்ததும் கார் பார்க்கில் அவள் சாதாரணமாகச் சொன்னாள், "அந்த டைரக்டர் அடுத்த படத்துக்கும் கூப்பிட்டாரு. முடியாதுன்னுட்டேன்."

"ஏன்?"

"ஷிப்ட் மாத்த முடியாது அக்கா. அதோட, திரும்பத் திரும்ப அதே வரியைப் பாடிக்கிட்டு... போர் லா."

"போரா? நீ எதை வேணாம்னு சொல்றேன்னு உனக்குத் தெரியுமா?" என்று கத்தினேன். கார் ஏறப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கு வேணும்னா நீ பாடு. நானா வேணாங்கிறேன்? உன்கிட்டேருந்து நான் எதையும் எடுக்கலையே."

"எடுத்த."

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "நான் சாப்பாடு கொண்டு வந்தேன் அக்கா. அவ்வளவுதான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு, கிராப் கார் வரவழைத்துப் போய்விட்டாள்.

நீண்ட நாள் எங்கள் வீட்டுக்கு அவள் வரவில்லை. கணவர் ஒருமுறை, "நீதான் முதல்ல பேசணும்" என்றார். எனக்கும் தெரியும். இருந்தும் போனை எடுத்தால் விரல் நகரவில்லை.

அடுத்த படத்தில் அவள் மறுத்த இடம் என்னிடம்தான் வந்தது. படத்தில் நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறாள். "இதுக்கு எல்லாம் தெரிஞ்ச குரல்தான் வேணும் சிஸ்டர்" என்றார் இயக்குநர். பாடினேன். வெளியானது. நான்கைந்து பேர் வாழ்த்துச் சொன்னார்கள். ரேடியோவில் ஒருமுறை போட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் கேட்கவில்லை.

பாட்டு வந்த வாரம், காலையில் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்தும்போது தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, பஸ்ல கேட்டுக்கிட்டே வர்றேன். அழுதுட்டேன். பக்கத்துல இருந்த மலாய்க்கார மக்சிக் டிஷ்யூ குடுத்தாங்க. என்னா பாட்டுக்கா! என்னால எல்லாம் செத்தாலும் இப்படிப் பாட முடியாது."

அவள் குரலில் ஒரு பொட்டுக் கசப்பு இல்லை. நானும் தேடித்தான் பார்த்தேன். கார் பார்க்கில் நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டும் அவளுக்குப் பாடுபடாமல் வந்தது, மன்னிப்பதும் அப்படியே வருகிறது. எனக்கு இரண்டுமே பாடுபட்டால்தான் வரும். அந்த ஹிட் பாட்டைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்னவோ, இந்த மனசை எப்படி அவளிடமிருந்து பறிப்பது என்று தெரியவில்லை.

"தேங்க்ஸ்டி" என்றேன். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"என்னைக்கு?" என்றாள். பிறகு, "ஐயோ அக்கா, பஸ் ஸ்டாப் தாண்டிருச்சு, வைக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டாள். நான் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். நிஜமாகவே மறந்துவிட்டாளா, மறந்தது போல் பேசினாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.