படத்தில் தெரிந்த பெல்ட்

பள்ளி விடுமுறையில் கணவருடனும் ஏழு வயது மகள் ஆரணியுடனும் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குப் போயிருந்தேன். படம் எடுப்பதில் நான் கெட்டிக்காரி. சங்கிலியில் தொங்கும் கதிரைகள் சுற்றுகிற ராட்டினத்தில் மகளை இருத்தியதும், போனோடு வேலியடிக்கு ஓடிவந்தேன்.

"அம்மா, எடுங்கோ!" என்று இரண்டு கைகளையும் தூக்கிச் சிரித்தாள். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிப்பு அழகாக வந்திருந்தது. ஆனால் இடுப்பு பெல்ட் பூட்டப்படாமல் கதிரைக்கு வெளியே தொங்கியது. நிமிர்ந்தபோது ராட்டினம் நகரத் தொடங்கியிருந்தது.

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன்.

"ஏனப்பா கத்துறீர்? சனம் பாக்குது" என்றார் கணவர்.

"பிள்ளைக்கு பெல்ட் பூட்டேல்லை!" என்று இன்னும் உரக்கக் கத்தினேன். அவரும் சேர்ந்து கத்தினார். ராட்டினம் வேகமெடுக்கும் முன்பே நின்றது. அதை இயக்கியவர் ஓடிப்போய் பெல்ட்டைப் பூட்டினார்.

"நான் பாத்திருக்க வேணும், அக்கா" என்றார்.

ஆரணி ஆசை தீரச் சுற்றினாள். இப்போதும் எங்கே போனாலும் படம் எடுக்கிறேன். ஆனால் பெல்ட்டை என் கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் போனைத் தொடுவேன். பிழையாக ஏதும் கண்டால், எத்தனை சனம் பார்த்தாலும் கத்துவேன்.