வரிசையின் கடைசியில் போக்னா

“கடைசி யாரு?” என்று கேட்டுக்கொண்டே போக்னா அக்கா ஓரடி பின்னால் வைக்கிறார். கூட்டத்தின் பின்முனையில் ஒரு கை உயர்கிறது. “இனிமே நீங்க இல்ல, இவரு” என்று புதிதாக வந்தவரைக் காட்டிவிட்டு மறுபடியும் ஓரடி. வரிசையில் நிற்பவர்கள் முன்னால் போகிறார்கள். போக்னா மட்டும் காலையிலிருந்து பின்னால்தான் நடக்கிறார்.

எங்கள் போஸ்னான் நகரில் ஒவ்வொரு அக்டோபரிலும் நடக்கும் வீடியோ கேம் கண்காட்சியில் வரிசையின் வாலைப் பிடித்து நிற்பதுதான் அவர் வேலை. கையில் ஒரு கழியும் அதன் உச்சியில் ஒரு வெள்ளைப் பலகையும் இருக்கும். “இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்” என்று அதில் எழுதியிருப்பார். நேரத்தைக் கணிக்க அவர் தலைகளை எண்ணுவதில்லை, காலணிகளைப் பார்ப்பார். “தலைய எண்ணுனா பொய் சொல்லும். ஒருத்தன் குனிஞ்சு போனப் பாத்துக்கிட்டிருப்பான், இன்னொருத்தன் தோள்மேல புள்ள இருக்கும். காலு ரெண்டுதான?” பத்து நிமிடத்துக்கு மேல் அவர் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை.

வயது அறுபத்தொன்று. மற்ற நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் குளிர்கோட்டுகளை வாங்கி மாட்டிவிட்டு எண் வில்லை கொடுக்கிறார். கண்காட்சி வந்தால் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவார். பதினொரு வருடமாக வருகிறார். இத்தனை வருடத்தில் ஒரு விளையாட்டைக்கூட அவர் தொட்டதில்லை. எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாது; தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. வரிசைதான் அவருக்கு எல்லாம். இளம்பெண்ணாக இருந்தபோது, கடைகளில் எதுவும் எளிதில் கிடைக்காத அந்தக் காலத்தில், ஒரு துணி துவைக்கும் இயந்திரத்துக்காக அவரும் அவர் அம்மாவும் மாற்றி மாற்றிப் பதினேழு நாள் வரிசையில் நின்றவர்கள். பெயர்ப் பட்டியல் எழுதுவது, மூத்திரம் போகிறவருக்கு இடம் காப்பது, நடுவில் நுழைகிறவனை ஒரே பார்வையில் வெளியேற்றுவது எல்லாம் அப்போது படிந்த பழக்கம்.

எனக்கும் அவருக்கும் வருடா வருடம் சண்டை. நான் ஒரு கேம் பத்திரிகையில் எழுதுகிறவன். இந்தப் பெரிய கண்காட்சிகளுக்கு இனி அர்த்தமே இல்லை என்று ஐந்து வருடமாக ஒரே கட்டுரையை வேறு வேறு தலைப்பில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கண்டதும் போக்னா ஆரம்பித்துவிடுவார்.

“வாங்க எழுத்தாளரே! இந்த வருஷமும் எங்களப் பொதச்சிட்டீங்களா, இல்ல குழி மட்டும் தோண்டியிருக்கா?”

“அக்கா, ஒரு புது கேம்னா உலகம் பூரா ஒரே நிமிஷத்துல வீட்டுலயே பாத்துடுறாங்க. இங்க வந்து எதுக்குக் கால் வலிக்க நிக்கணும்?”

“கல்யாண வீடியோவக்கூட வீட்டுலயே பாக்கலாம். கல்யாணச் சூப்ப யாரு ஊத்துவா?”

ஒருமுறை ஒரு ஜோடி கைக்குழந்தையோடு வந்து நின்றது. நான்கு வருடத்துக்கு முன் போக்னாவின் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றவர்களாம். குழந்தையின் காலுறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதையும் எண்ணிக்கவா?” என்று கேட்டார் போக்னா.

இந்த வருடம் நான் எழுதியது பலித்துவிட்டது போலத்தான் இருந்தது. கூட்டத்தை இழுக்கும் பெரிய நிறுவனம் வரவில்லை. தன் புது விளையாட்டை இணையத்திலேயே காட்டிவிட்டது. அதற்கென ஒதுக்கும் இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கம்பளம். கண்காட்சிக்காரர்கள் பழைய பலகையை போக்னாவின் கையில் கொடுத்து, “எங்க தேவைன்னு தோணுதோ அங்க நில்லுங்க” என்றார்கள். எங்கும் தேவைப்படவில்லை. இரண்டு நாள் அவர் கழியை ஊன்றிக்கொண்டு சும்மா நடந்தார். அதைப் பார்த்தபோது, நான் சொன்னது சரியாகிவிட்டதே என்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாவது நாள் ஞாயிறு, கடைசி நாள். கால்வலி தாங்காமல் ஒரு மூலை அரங்கில் போய் உட்கார்ந்தார். அங்கே யாக்னா என்ற பெண் தனியாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மேசை, ஒரு திரை, ஒரு கன்ட்ரோலர், அவ்வளவுதான். நான்கு வருடம் தனியாளாக உட்கார்ந்து அவள் செய்த விளையாட்டு அது. லிஃப்ட் ஓடாத ஒரு குடியிருப்பில், ஒரு பானை நிறைய ஞாயிற்றுக்கிழமைக் கோழிச் சூப்பைச் சிந்தாமல் ஒன்பதாவது மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். மாடிக்கு மாடி யாராவது எதிரே இறங்கி வருவார்கள். வழிவிடவும் வேண்டும், சூப்பும் சிந்தக்கூடாது.

அன்று காலை நானும் அங்கே எட்டிப் பார்த்திருந்தேன். சோதனைப் பதிப்பை இணையத்தில் போட்டிருக்கிறாள். ஒன்பதாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள், ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

“ஒரே ஒருத்தர் ஒன்பதாவது மாடிக் கதவு வரைக்கும் போறத என் கண்ணால பாக்கணும்ங்க. இன்னிக்கும் அது நடக்கலன்னா நாளைக்கு வேலைக்குச் சரின்னு சொல்லிட்டு இத மூட்ட கட்டிடுவேன்” என்றாள். சொல்லும்போது திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

போக்னா அவள் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நடைபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டப்பாவிலிருந்த தயிர்க்கட்டியையும் அவித்த உருளைக்கிழங்கையும் சாப்பிட ஆரம்பித்தார். பலகை தோளில் சாய்ந்திருந்தது. போன வருடம் எழுதியதை யாரும் அழிக்கவில்லை. “இங்கிருந்து மூன்று மணி நேரம்.”

அவ்வளவுதான். ரயில்வே ஜாக்கெட் போட்ட ஒரு தடித்த மனிதர் வந்து போக்னாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் இரண்டு மாணவிகள். பிறகு ஒரு குடும்பம். நான் காபி வாங்கிக்கொண்டு திரும்பியபோது பதினைந்து பேர் அரங்கையே மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். எல்லாம் தெரிந்தவன் நான், எனக்கே பதற்றமாகிவிட்டது. எதையோ தவறவிட்டுவிட்டோமே என்று ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்ட பிறகுதான் கேட்டேன்.

“எதுக்குங்க இந்த வரிசை?”

“யாருக்குத் தெரியும்? மூணு மணி நேரம்னு போட்டிருக்கு. நல்ல சரக்காத்தான் இருக்கும்” என்று முன்னாலிருந்தே குரல் கொடுத்தார் ரயில்வேக்காரர். எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் நிற்பார்கள், பிறகுதான் விசாரிப்பார்கள். அவர் அதற்குள் பாக்கெட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பட்டியலும் எழுத ஆரம்பித்திருந்தார். போக்னாவின் தோளைத் தட்டி, “முதல்ல நிக்கிறது நீங்கதான? பேரச் சொல்லுங்க” என்றார்.

போக்னா வாயில் உருளைக்கிழங்கோடு பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே எழுந்துவிட்டார். ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு, பலகையைத் திருப்பிப் பார்த்து, “அட கடவுளே, இது போன வருஷத்து நேரம்!” என்று அலறினார். கைக்குட்டையால் அழித்தார். காலணிகளை எண்ணினார். “ரெண்டு மணி நேரம்” என்று எழுதினார். “பொய் சொல்லக் கூடாது பாருங்க. இது ஒரு பொண்ணு தனியாச் செஞ்ச கேம். சூப்பு தூக்குற கேம். இஷ்டம் இல்லாதவங்க போகலாம்” என்றார்.

நாலு பேர் போனார்கள். மற்றவர்கள், வந்ததுதான் வந்தோம் என்று நின்றார்கள். போக்னா வாலுக்கு நடந்தார். அந்த நடையைப் பார்க்க வேண்டுமே! இரண்டு நாள் பட்டினி கிடந்தவர் சாப்பாட்டைக் கண்ட மாதிரி. “கடைசி யாரு?”

ரயில்வேக்காரர் மூன்றாவது மாடியில், நாயோடு இறங்கிவந்தவர்மேல் மோதிப் பானையைக் கவிழ்த்தார். “இந்த நாய எனக்குத் தெரியும். எங்க கட்டடத்து நாய்தான் அது” என்று சத்தியம் செய்தார். மாணவிகளில் ஒருத்தி ஐந்து வரை போனாள். நான் நான்கில் வழுக்கினேன். பத்து வயதுப் பெண்குழந்தை ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது, பிறகு அதுவும் நான்கிலேயே வழுக்கியது. ஒருவர் ஏழைத் தொட்டபோது வரிசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிந்தியதும் எல்லாரும் சேர்ந்து “ஐயோ!” என்றார்கள். யாக்னா திரையைப் பார்க்கவே இல்லை. ஆடுகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தேமுக்காலுக்கு, இன்னும் பதினைந்து நிமிடத்தில் மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். வரிசை தீர்ந்திருந்தது, ஒன்பதாவது மாடியைத்தான் யாரும் எட்டவில்லை. யாக்னா மேசைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியை வெளியே இழுத்து வைத்தாள். கன்ட்ரோலரின் ஒயரைப் பிடுங்கக் குனிந்தாள்.

“ஏம்மா, இரும்மா” என்றார் ரயில்வேக்காரர். தன் முறை முடிந்த பிறகும் போகாமல் நின்றவர் அவர். நோட்டை விரித்து விரலால் காட்டினார். “பட்டியல்ல முதல் பேரு இன்னும் ஆடலையே.”

“ஐயே, நானா? எனக்கு அந்தப் பொத்தானெல்லாம் தெரியாது, ஆள விடுங்க” என்றார் போக்னா.

“பட்டியல்னா பட்டியல்தான் அக்கா. இவ்வளவு வருஷமா நீங்கதான சொல்றீங்க?” என்றேன் நான்.

பலகையை என் கையில் திணித்துவிட்டு அவர் உட்கார்ந்தார். நடக்க வைக்கிற குமிழ் எது என்று மட்டும் யாக்னா காட்டினாள். போக்னா கன்ட்ரோலரைச் சமமாக நெஞ்சுக்கு நேரே பிடித்தார், முழங்கைகளை விரித்துக்கொண்டார். அவசரமே இல்லாமல் ஏறினார். மூன்றாவது மாடியில் நாய்க்காரர் வந்தபோது, அவர் போகும்வரை நின்றார். யாரும் அங்கே நின்றதில்லை. ஆறாவது மாடியில் ஒரு கிழவர் இறங்கி வர, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த போக்னா தன் தோளையே ஒருக்களித்து, “நீங்க போங்க ஐயா” என்றார். யாக்னா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஏழு. எட்டு. சுற்றிலும் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாவது மாடி. பச்சை வண்ணம் பூசிய ஒரு மரக்கதவு. பானையில் சூப்பு விளிம்புவரை அப்படியே இருந்தது. தட்டுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. அதைச் சொல்ல வேண்டியவள் போக்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போக்னா சற்றுப் பார்த்தார். கன்ட்ரோலரைச் சிந்தாமல் மடியில் இறக்கி வைத்தார். கூந்தலை ஒருமுறை சரிசெய்துகொண்டு, விரலை மடக்கி, திரையின் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார்.