மழுங்கிய பஞ்ச்

பெங்களூரில் முடி நடும் கிளினிக்கில் எனக்கு வேலை. பின்னந்தலையில் டாக்டர் துளையிட்டு விடுவிக்கும் முடிவேர்களை இடுக்கியால் எடுத்து, லென்ஸில் பார்த்து, தட்டில் அடுக்க வேண்டும். துளையிடும் கருவிக்குப் பஞ்ச் என்று பெயர். பேனா முனை அளவில் ஒரு குழாய்க் கத்தி. அது மழுங்கினால் வேரை அறுத்துவிடும். அறுந்த வேரை நட்டால் முளைப்பது சந்தேகம்.

அன்று எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்த ஒருவர் கவிழ்ந்து படுத்திருந்தார். மதியத்துக்குள் பாதி வேர்கள் அறுந்தே வந்தன.

"சிஸ்டர், நல்லா வருதா?" என்று படுத்தபடியே கேட்டார்.

"சூப்பரா வருது சார்." எல்லாரிடமும் சொல்கிற பதில்தான்.

"நீங்க பாத்துக்கிறீங்க இல்ல, அப்ப எனக்குப் பயமில்ல."

என் கை நின்றுவிட்டது.

"டாக்டர், பஞ்ச் மழுங்கிடுச்சு. மாத்துங்க."

"சும்னிரு" என்று டாக்டர் கன்னடத்தில் என் வாயை அடைத்தார்.

இடுக்கியை வைத்துவிட்டேன். "சார், நான் சொன்னது பொய். பாதி வேர் அறுந்துதான் வருது. புதுசு போட்டாத்தான் நான் தொடுவேன்."

புது பஞ்ச் வந்தது. மறுநாள் என் வேலை போனது.

"உனக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார் என் வீட்டுக்காரர். வம்புதான். இப்போது வேறு கிளினிக்கில் இருக்கிறேன். ஒவ்வொருவரும் கவிழ்ந்து படுப்பதற்கு முன், புது பஞ்சின் உறையை அவர் கண்ணெதிரே பிரிக்கிறேன். டைம் வேஸ்ட் என்று கூட வேலை செய்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

நல்லா வருதா என்று யாராவது கேட்டால், தட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.