எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய பறவைகள்

பல் டாக்டரின் க்ளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எண் கொடுத்து, முறைப்படி உள்ளே அனுப்புவது அவள் வேலை. “பதினேழு, வாங்க” என்ற குரலைக் கேட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்கள் அந்த வட்டாரத்தில் ஏராளம். அதனால் கடைவீதியில் போனாலும் பஸ்ஸில் ஏறினாலும் அவளுக்கு டோக்கனக்கா என்பதுதான் பெயர். லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர்கூட, வேலை முடிந்து வந்து கைகழுவும்போது, “டோக்கனக்கா, என் நம்பர் எப்ப வரும்? பசிக்குது” என்பார்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. கணவரின் தங்கையும் அவர்களோடுதான் இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே பிரிவில் படங்களை அடுக்கி, தேவைப்படும்போது தேடி எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. முப்பத்தைந்து வயது ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதில் மூன்று “சரி அண்ணி” என்பதாக இருக்கும். நாத்தனார் என்றால் வாய் நீளம் என்று பயந்துதான் டோக்கனக்கா அந்த வீட்டுக்கு வந்திருந்தாள். வந்து பார்த்தால் நீளமான வாய் தன்னுடையதாகத்தான் இருந்தது.

அட்டை செய்யும் வேலை ஒரு மழைநாளில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொடங்கியது. நாத்தனாரோடு வேலை பார்த்த ஒரு அம்மா ஓய்வு பெறுகிறார். அவருக்குக் கொடுக்க ஒரு வாழ்த்து அட்டை வேண்டும். கடையில் இருந்ததெல்லாம் மினுமினுப்புத் தூளும் ரோஜாப்பூவுமாகக் கண்ணைக் குத்தியது. நாத்தனார் பேசாமல் தன் பையிலிருந்து கழித்துப்போட்ட எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை எடுத்தாள். பெயர் இருந்த ஓரத்தை முதலில் நறுக்கி எறிந்தாள். பிறகு பிளேடால் நடுவில் ஒரு குருவியை வெட்டினாள். வரைந்துகூடப் பார்க்கவில்லை. பிளேடு போன வழியெல்லாம் குருவி.

“இதை வச்சு என்ன பண்றது?” என்றாள் டோக்கனக்கா.

“பேப்பரை மேல வச்சு அழுத்தினா தூக்கிட்டு நிக்கும் அண்ணி. அழுத்தத்தான் ஒண்ணும் இல்ல.”

டோக்கனக்காவிடம் இருந்தது. பல்லை அடைத்த பிறகு மேலே வழவழப்பாகத் தேய்த்துவிட டாக்டர் ஒரு கருவி வைத்திருப்பார். முனையில் கடுகளவு எஃகு உருண்டை இருக்கும். பிடி தேய்ந்துபோனதென்று குப்பையில் போட்டதை, பளபளப்பாக இருக்கிறதே என்று அவள் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள்.

மேஜை டிராயரைக் கழற்றி, உள்ளே சின்ன டியூப்லைட்டை வைத்து, மேலே கண்ணாடியைப் போட்டார்கள். கண்ணாடி மேல் ஃபிலிம், ஃபிலிம் மேல் தடித்த வெள்ளைத்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டதும் குருவி மட்டும் வெளிச்சமாகத் தாளுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. கருவி வழுக்கிக்கொண்டு ஓடத் தாளின் முதுகில் மெழுகுத்தாளைத் தேய்த்து, வெளிச்சத்தின் ஓரத்திலேயே உருண்டையை ஓட்டினாள் டோக்கனக்கா. அவசரப்பட்டால் தாள் கிழியும், பயந்தால் பதியாது. திருப்பிப் பார்த்தபோது வெள்ளைத் தாளில் வெள்ளைக் குருவி மூச்சு விடுவதுபோல் புடைத்து நின்றது.

கீழே ‘நன்றி’ என்று அழுத்தியது மட்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலமாகிவிட்டது. தாள் குப்புறக் கிடக்கிறது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. நாத்தனார் எழுத்து ஃபிலிமைச் சட்டென்று புரட்டிப் போட்டுவிட்டு, “ஓய்வு பெறுறவங்க திரும்பிப் பாத்துப் படிச்சுப்பாங்க அண்ணி” என்றாள். அவள் வாயிலிருந்து ஜோக் வந்ததே டோக்கனக்காவுக்கு அதிசயம். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கணவர் எட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் தெரிந்த எலும்புகளைக் கண்டு, “யாரோட விலாவோ தெரியல, குருவி கூடு கட்டியிருக்கு” என்றார்.

அப்புறம் நாலு வருஷம் ஞாயிறு மத்தியானங்கள் அப்படித்தான் போயின. நாத்தனார் வெட்டுவாள், டோக்கனக்கா அழுத்துவாள். கொக்கு, மரங்கொத்தி, கம்பியில் வரிசையாக உட்கார்ந்த தவிட்டுக்குருவிகள். ஒருமுறை டோக்கனக்கா கொக்கின் மூக்குக்குச் சிவப்பு தீட்டலாம் என்றபோது, “கலர் வேணாம் அண்ணி, நிழலே போதும்” என்று நாத்தனார் சொன்னாள். அதுதான் அந்த அட்டைகளின் உயிர் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். ஸ்டேஷனரிக் கடைக்காரம்மா அவற்றை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் வைத்தார். கல்யாணத்துக்கு, குழந்தை பிறந்ததற்கு, மன்னிப்புக் கேட்பதற்கு என்று ஆட்கள் தேடி வந்தார்கள். வந்தவர்களிடம் பேசியதெல்லாம் டோக்கனக்கா. அவளுக்குப் பேச்சு கை வந்த கலை. நாத்தனாருக்குப் பேச்சு என்றாலே உள்ளறைதான்.

கடைக்காரம்மா சொல்லித்தான் ஒரு பெண்கள் பத்திரிகையிலிருந்து நிருபரும் போட்டோ எடுப்பவரும் வீட்டுக்கு வந்தார்கள். டோக்கனக்கா நல்ல புடவையாக எடுத்துக் கட்டியிருந்தாள். நாத்தனார் டீ போடப் போனாள். நிருபர் அட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதையெல்லாம் நீங்களே டிசைன் பண்ணுவீங்களா?”

“ஆமா” என்றாள் டோக்கனக்கா.

நாக்கில் ஏற்கெனவே தயாராக இருந்ததுபோல் வந்து விழுந்தது அந்தச் சொல். சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. இன்னொரு வாக்கியம் சேர்த்திருக்கலாம்: வெட்டுறது என் நாத்தனார். மூன்றே சொல். நிருபர் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்; டோக்கனக்காவும் கூடவே போய்விட்டாள். டீயோடு வந்த நாத்தனாரைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, வெளிச்சத்தை மறைக்குது” என்றார் போட்டோக்காரர். அவள் தள்ளி நின்றாள். டோக்கனக்கா கையில் கருவியோடு சிரித்தாள், படம் எடுத்தார்கள்.

அவர்கள் போன பிறகு டோக்கனக்கா சமையலறைக்குப் போனாள். எதையோ சொல்லத்தான் போனாள். நாத்தனார் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“டீ நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க” என்றாள் டோக்கனக்கா.

“சரி அண்ணி.”

பத்திரிகை வந்ததும் கணவர் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். பாதியில் குரல் இறங்கியது. கடைசிவரை மனசுக்குள் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

“தங்கச்சியைப் பத்தி ஒண்ணுமே காணோமே?”

“அவங்க விட்டுட்டாங்க போல.”

முதலாவது வாய் தவறியது என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது. இதை டோக்கனக்கா பிற்பாடு பலமுறை தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டிருந்த ஃபிலிம்களையெல்லாம் வெட்டி, உறையில் போட்டு, எது எந்த அட்டைக்கு என்று எழுதி மேஜையில் வைத்தாள். அடுத்த ஞாயிறு, “ஷிஃப்ட் மாத்திட்டாங்க அண்ணி, இனிமே ஞாயித்துக்கிழமையும் போகணும்” என்றாள். நாலைந்து மாதம் கழித்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே சிநேகிதி ஒருத்தியோடு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது பிளேடு வைக்கும் பிடியை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

டோக்கனக்கா அந்தப் பிடியை எடுத்து வெட்டிப் பார்த்தாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. இறக்கையின் உள்கோடுகளை வெட்டினால் இறக்கையே கழன்று கையோடு வந்தது. ஓர் உருவம் உதிராமல் நிற்க எங்கெங்கே நூலளவு விட்டுவைக்க வேண்டும் என்பது நாத்தனாரின் விரலுக்குத்தான் தெரிந்திருந்தது. நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் வெட்டுவதைத் தான் ஒருநாளும் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு வழியில்லாமல் பழைய ஃபிலிம்களையே திரும்பத் திரும்பப் போட்டு அழுத்தினாள். ஓரங்கள் நைந்தன. மூக்குகள் மழுங்கின.

“என்னக்கா, உங்க குருவிக்கு வயசாயிடுச்சா?” என்றார் கடைக்காரம்மா.

“ஒரு வார்த்தை சொல்லிடேன் அவகிட்ட” என்று கணவர் பலமுறை சொன்னார்.

“நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? அவ கேக்கட்டும், சொல்றேன்.”

அவள் கேட்கவே இல்லை. வருவாள், அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வருவாள், தரையைப் பெருக்கிவிட்டுப் போவாள். ஆறு வருஷம் இப்படியே போயிற்று.

பிறகு ஒரு நாள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தாள். மனைவியை இழந்தவர், சாதுவான மனிதர், பேச்சில் அவளுக்கு ஏற்ற ஜோடி, அதாவது அவரும் பேசவில்லை. இருவரும் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள். டோக்கனக்காவின் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனார் அழைப்பிதழை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்தாள். கடையில் அச்சடித்தது. ஓரமெல்லாம் மினுமினுப்புத் தூள்; நடுவில் ரோஜாப்பூ. கையில் ஒட்டிய தூளைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் நின்றாள் டோக்கனக்கா.

அன்றே அட்டை ஒன்று செய்ய உட்கார்ந்தாள். மூன்று வாரம் வெட்டினாள். பதினோரு ஃபிலிம் வீணாயிற்று. பன்னிரண்டாவதில் ஒரு குருவி ஒருவழியாக நின்றது; ஒரு கால் குட்டை, வால் கரண்டிபோல். அட்டையின் பின்பக்கம், செய்தவர் பெயர் இருக்கும் இடத்தில், தன் பெயரைப் போடாமல் நாத்தனாரின் பெயரை அழுத்தினாள். கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம், அவர்களுடைய புது வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போனாள். நாத்தனார் மட்டும்தான் இருந்தாள்.

குருவியைப் பார்த்தாள். குட்டைக் காலை விரலால் தொட்டுச் சிரித்தாள். திருப்பினாள். தன் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு மெல்ல அடங்கியது.

“அன்னைக்கு அவங்க கேட்டப்ப நான்தான்...” என்று ஆரம்பித்த டோக்கனக்காவுக்கு, ஊரெல்லாம் வாய் ஓயாமல் பேசியவளுக்கு, அதற்கு மேல் வரவில்லை. “தப்பு பண்ணிட்டேன்டி” என்றாள்.

நாத்தனார் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க ஆமான்னு சொன்னது எனக்குப் பெரிசாத் தெரியல அண்ணி. எனக்கும் அந்தப் பொண்ணுகிட்ட வந்து நின்னு பேச வராது. நீங்க சமையக்கட்டுக்கு வந்தீங்க பாருங்க, அப்ப ‘வாய்ல என்னமோ வந்துடுச்சுடி’ன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம்.”

“இப்ப சொல்றேனே.”

“இப்ப சொல்றீங்க. கோவமெல்லாம் இல்ல அண்ணி, சத்தியமா இல்ல.” அட்டையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “ஆனா அன்னைக்கு அந்தக் கோப்பையையெல்லாம் கழுவும்போதே, இனிமே பிளேடைத் தொடக் கூடாதுன்னு மனசு சொல்லிடுச்சு. நான் சொன்னா அது கேக்க மாட்டேங்குது.”

டோக்கனக்கா மறுநாள் கடைக்காரம்மாவிடம் போய், அந்தப் பறவைகளையெல்லாம் வெட்டியது யார் என்று சொன்னாள். “அப்படியா? இருக்கட்டும்க்கா, இப்ப யாரு கேக்குறா?” என்றார் அவர், வேறு யாருக்கோ பேனா எடுத்துக் காட்டிக்கொண்டே. பத்திரிகைக்குப் போன் செய்தாள். அது நின்றுபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உண்மையைச் சொல்ல அவள் வாய் திறந்தபோது கேட்பதற்கு ஒருவரும் மிச்சம் இல்லை.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு நாத்தனாரும் அவள் கணவரும் வருகிறார்கள். ஆண்கள் இருவரும் பேசாமல் உட்கார்ந்து சந்தோஷமாகப் பொழுதைக் கழிக்கிறார்கள். அண்ணியும் நாத்தனாரும் பல் டாக்டரைப் பற்றி, முட்டிவலியைப் பற்றி, மேல்வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேசுகிறார்கள். முன்பைவிட அதிகமாகவே பேசுகிறார்கள். போன தடவை டோக்கனக்கா தயங்கித் தயங்கி, புது ஃபிலிம் ஒன்றை அவள் பக்கம் தள்ளி, “சும்மா ஒண்ணே ஒண்ணு” என்றாள்.

“கண்ணு முன்ன மாதிரி இல்ல அண்ணி” என்றாள் நாத்தனார்.

டோக்கனக்கா ஃபிலிமை எடுத்து ஓரமாக வைத்தாள். நாத்தனார் அண்ணனின் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைக்க ஊசியை எடுத்தாள். கண்ணாடி போடாமல், வெளிச்சத்துக்குத் திரும்பாமல், ஒரே தடவையில் நூலைக் கோத்தாள். டோக்கனக்கா அதைப் பார்த்தாள். பார்த்ததை நாத்தனாரும் பார்த்தாள்.