படத்தில் விழுந்த குடை

அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள்: நானும் என் மகளும், அவளைப் போலவே காலில் இரும்புப் பட்டை கட்டிய மூன்று பெண் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் இரண்டு பையன்கள், அவர்களைக் கூட்டி வந்த தாய்மார்கள், விசில் ஊதிய பி.டி. மாஸ்டர், அப்புறம் யாரென்றே தெரியாத ஒரு வெள்ளைச் சட்டைக்காரர்.

இப்போது வருடாவருடம் பந்தல் போட்டு, மைக் வைத்து நடக்கிற மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி ஆம்பூரில் அப்படித்தான் தொடங்கியது.

வெள்ளைச் சட்டைக்காரர் போனும் கையுமாக ஆட்களை எண்ணிக்கொண்டே இருந்தார். உதவித்தொகை ஆபீசிலிருந்து வந்தவர் என்றே நினைத்தேன். நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஷூ கம்பெனியில் பசை தடவப் போனவள். ஆபீஸ் விஷயம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மகளுக்கு மாதம் இரண்டாயிரம் உதவித்தொகை எதனால் வருகிறது என்று தெரியும். அவள் ஓடி ஜெயிக்கிற படம் ஆபீசுக்குப் போனால், "கால் நல்லாத்தான இருக்குது" என்று நிறுத்திவிட மாட்டார்களா?

"மெதுவா போ கண்ணு. கடைசியா வந்தாக்கூட பரவால்ல," என்றேன்.

"இன்னாம்மா, நொண்டினா காசு, ஓடினா கட்டா?"

"கத்தாத. அந்தாளு பாக்கறாரு."

"பாக்கட்டும். பாக்கறதுக்குத்தான ஓடறேன்."

விசில் ஊதியதும் பட்டை கணகணக்க அவள்தான் முன்னால் வந்தாள். அவர் போனைத் தூக்கினார். நான் ஓடிப்போய் அவர் எதிரில் குடையை விரித்தேன்.

"கொஞ்சம் நகருங்கம்மா."

"வெயிலு ஜாஸ்தி சார்."

"வெயிலு மேலருந்துதாம்மா வருது. என் மூஞ்சிக்கு நேரா புடிக்கிறீங்களே!"

தாய்மார்கள் சிரித்தார்கள். மகள் முதலாவதாக வந்தாள். என் பக்கம் மட்டும் வரவில்லை.

மதியம் அவரே வேனில் பிரியாணி அண்டாவோடு வந்து இறங்கினார். கடைக்காரராம். தலை எண்ணியது சாப்பாட்டுக்காம். இரண்டாவது தட்டு வாங்கும்போதுகூட நான் நம்பவில்லை.

அவர் எடுத்த படத்தைத்தான் இன்றும் போட்டி பேனரில் 'முதல் வருடம்' என்று போடுகிறார்கள். என் கறுப்புக் குடையும் ஓரத்தில் ஒரு காலும் தெரியும். "அது என் காலுதான்" என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் மகள் காட்டுவாள். இந்த வருடம் குடையை வீட்டில் வைத்துப் பூட்டிய பிறகுதான் என்னைக் கூட்டிப்போனாள்.

ஆனால் அந்த முதல் போட்டிக்கு அடுத்த இரண்டு மாதம் பணம் வரவில்லை. பேங்க் கோளாறு, எல்லாருக்கும்தான் வரவில்லை என்றார்கள். பிறகு மாதாமாதம் சரியாக வந்தது. நின்றது மட்டும் வரவே இல்லை. நான் குடையை விரிப்பதற்கு முன்னாலேயே அவர் ஒரு படம் எடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் வர வேண்டியது நாலாயிரம் ரூபாய்.