காலிக் கதிரையிடம் வாதாடிய அமைச்சர்

சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது போன ஞாயிற்றுக்கிழமைதான், சிட்னியில் போர்த்துக்கீசர் கூடும் ஒரு மண்டபத்தில். என்னோடு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பன், தன் நாட்டிலிருந்து வந்திருந்த அமைச்சரைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனான். சர்வாதிகாரக் காலத்தில் சிறைப்பட்டவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞராம் அவர். கட்டையான உருவம், கசங்கிய கோட். யார் பேசத் தொடங்கினாலும் உடனே எழுந்து நின்றுவிடுவார்.

தங்கள் நாடு ஆப்பிரிக்காவில் நடத்திய போருக்குப் போக மறுத்து இங்கே ஓடிவந்த ஒருவர், நோயாளித் தாயைப் பார்க்கப் போகக் கடவுச்சீட்டுக் கேட்டார். பாதியில் முகத்தைப் பொத்திக்கொண்டார். அமைச்சர் மேடையிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றார். தான் விட்டுவந்த காலிக் கதிரையைப் பார்த்து, "கனம் அமைச்சர் அவர்களே!" என்று தொடங்கி, அந்த மனிதருக்காகப் பத்து நிமிடம் வாதாடினார். நண்பன் என் காதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு அவர் மேடையேறி அதே கதிரையில் இருந்து, "இந்த வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை" என்று சொல்லி, கடவுச்சீட்டுக் கொடுக்கும்படி கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தார். "எங்கள் ஆள்!" என்று நண்பன் என் முதுகில் அடித்தான். எனக்கும் அவர் எங்கள் ஆள் போலத்தான் இருந்தது.

வாசலில் நண்பன் மூலம் அவரிடம் கேட்டேன்: "இரண்டில் எந்த வேலை கஷ்டம், ஐயா?"

"அமைச்சர் வேலைதான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பொல்லாதவன்," என்று கண் சிமிட்டினார்.

என் அறையில் இருக்கும் அண்ணை இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

"பகல் முழுக்க பிஸ்கட் அடுக்கிப்போட்டு, பின்னேரம் சட்டமோ ஐசே?"

"ஓம் அண்ணை."

நாலு பேருக்கு முன்னால் ஆங்கிலம் பேச எனக்கு இன்னும் பயம். இருக்கட்டும். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்கு விண்ணப்பப் படிவம் வாங்கப் போகிறேன்.